பிஸ்டன் தலையில் ஒரு குழி: பழைய அம்பாசிடர் கார்களின் கம்ப்ரஷன் கணக்கு

அந்தமானில் ரயில் கிடையாது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,190 கிலோ மீட்டர் கடலைக் கடந்து, மூன்று நாள் கப்பல் பயணத்துக்குப் பின் ஹாடோ துறையில் இறங்கும் தமிழருக்கு, மூட்டை முடிச்சுகளுடன் வீடு போய்ச் சேர மோட்டார் வாகனமே கதி. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், பல ஆண்டுக் காலம் டாக்சி என்றாலே அம்பாசிடர் என்றுதான் பொருள். ஜங்லிகாட்டின் மீன்பிடித் துறைக்கும், அபர்தீன் பஜாருக்கும், டெலானிப்பூருக்கும் மேடும் பள்ளமுமான சாலைகளில் ஏறி இறங்கி மக்களைச் சுமந்தவை இந்தக் கனத்த கார்கள்தான்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாராவில் இக்காரின் உற்பத்தியை 2014 மே மாதத்தில் நிறுத்தி விட்டது. ஆயினும் பழைய கார்களை விட மனமில்லாமல் பழுது பார்த்து வைத்துக் கொண்டிருப்போர் தீவிலும் உண்டு. தாய்நாட்டுக் கரையிலும் உண்டு. அத்தகையோர் என்ஜினைப் பிரிக்கும்போது அடிக்கடி ஏமாந்து போகும் இடம் ஒன்று இருக்கிறது. அது பிஸ்டனின் தலையில் இருக்கும் சிறு குழி.

சில பிஸ்டன்களின் தலை தட்டையாக இருக்கும். சிலவற்றில் தட்டுப் போல் நடுவில் குழிந்திருக்கும். "இரண்டும் ஒரே சைஸ்தானே, எது கிடைக்கிறதோ அதைப் போடு" என்று சொல்லி மாற்றிப் போடுவதும் உண்டு. வெளிப் பார்வைக்கு விட்டமும் ஒன்று, பின் துவாரமும் ஒன்று, ரிங்கும் ஒன்று. ஆனால் அந்தக் குழியில் எத்தனை சி.சி. எண்ணெய் நிற்கும் என்பதைப் பொறுத்தே அந்த என்ஜினின் ஆயுள் அமைகிறது.

அமுக்க விகிதம் என்றால் என்ன?

என்ஜினின் பலத்தைச் சொல்ல "நல்ல கம்ப்ரஷன் இருக்கிறது" என்பார்கள். பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் மொத்த இடத்தை, பிஸ்டன் முழுவதும் மேலேறிய பின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவதே அமுக்க விகிதம். எட்டுப் பங்கு இடத்தில் இருந்த காற்றும் பெட்ரோல் ஆவியும் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்பட்டால் விகிதம் 8-க்கு 1.

அம்பாசிடர் காரின் கதையையே எடுத்துக் கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி 1950-களின் கடைசியில் இந்தியாவில் வந்த கார் இது. முதலில் 1,476 சி.சி. பக்க வால்வு என்ஜின் இருந்தது. 1959-இல் அதற்குப் பதிலாக மேல் வால்வு கொண்ட 1,489 சி.சி. என்ஜின் வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்த இந்த என்ஜின்தான் பல்லாண்டுக் காலம் இந்தியச் சாலைகளில் ஓடியது.

இதன் சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மி.மீ. இவ்விரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் ஒரு சிலிண்டருக்கு 372.3 சி.சி. வருகிறது. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1,489.

இந்த 'பி' வரிசை 1,489 சி.சி. என்ஜின் இங்கிலாந்தில் இரண்டு விதமாகக் கிடைத்தது. ஒன்றின் அமுக்க விகிதம் 8.3, மற்றொன்றின் விகிதம் 7.2. இந்திய அம்பாசிடருக்கு வாய்த்தது 7.2.

ஒன்பது சி.சி. வித்தியாசம்

8.3 விகிதம் வர வேண்டுமானால், பிஸ்டன் உச்சிக்கு வந்த பின் அதற்கு மேல் 51 சி.சி. இடம் மிஞ்சியிருக்க வேண்டும். 7.2 வர வேண்டுமானால் 60 சி.சி. இடம் வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 9 சி.சி. சிலிண்டர் ஹெட்டை மாற்றாமல், கேஸ்கட்டை மாற்றாமல், அந்த 9 சி.சி. இடத்தை உண்டாக்க எளிய வழி எது? பிஸ்டன் தலையில் அவ்வளவு குழித்து விடுவதுதான்.

9 சி.சி. என்பது மருந்து குடிக்கும் தேக்கரண்டியில் இரண்டு கரண்டி கூட இல்லை. இவ்வளவு சிறிய அளவுதான் ஒரே என்ஜினை இரு வேறு குணமுள்ள என்ஜின்களாக்குகிறது.

மற்ற கார்களிலும் இக்கணக்கு பொருந்தும். என்ஜின் சிறியதாகச் சிறியதாக ஒவ்வொரு சி.சி.யின் மதிப்பும் கூடும். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் 948 சி.சி. என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 237 சி.சி.தான். பிரீமியர் பத்மினியின் 1,089 சி.சி. என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 272 சி.சி. மூன்று கார்களிலும் விகிதம் 7.2 என்று வைத்துக் கொண்டால், குழியில் 1 சி.சி. குறைந்தால் அம்பாசிடரில் விகிதம் 7.3 ஆகும், ஹெரால்டில் 7.37 ஆகி விடும். ஆகவே அம்பாசிடருக்குச் செய்ததை அப்படியே சின்ன காருக்கும் செய்வது தவறாகும்.

குழி எதற்கு?

அமுக்கம் அதிகமானால் பலமும் அதிகம், மைலேஜும் அதிகம் என்பது பொதுவான விதி. 1876-இல் ஜெர்மனியின் நிக்கோலஸ் ஆட்டோ நான்கு வீச்சு என்ஜினை ஓட்டிக் காட்டிய காலத்திலிருந்து என்ஜினியர்கள் இவ்விகிதத்தை உயர்த்தவே பாடுபட்டு வந்துள்ளனர். 1908-இல் வந்த போர்டு 'டி' மாடல் காரின் விகிதம் சுமார் நாலரைதான். அப்படியிருக்க, 8.3 கிடைக்கும் என்ஜினை வேண்டுமென்றே 7.2-க்கு இறக்குவானேன்?

இதற்குப் பதில் பெட்ரோலில் இருக்கிறது.

காற்றை நெருக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர். 37 டிகிரி சூட்டில் உள்ளே போகும் காற்றை 7.2 மடங்கு நெருக்கினால், பாடப் புத்தகக் கணக்குப்படி, அது 410 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும். 8.3 மடங்கு நெருக்கினால் 450 டிகிரி. உண்மையான என்ஜினில் சுவர் வழியாகச் சூடு கழிவதால் இவ்வளவு ஏறாது. ஆனால் வித்தியாசம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ பிளக்கின் பக்கத்திலிருந்து கிளம்பி மறு ஓரத்தை நோக்கிப் பரவ வேண்டும். அது ஒழுங்காகப் பரவினால் பிஸ்டனைப் பதமாகத் தள்ளும். தீ போய்ச் சேருமுன், ஓரத்தில் நெருக்குண்டு காத்திருக்கும் கலவை சூடு தாங்காமல் தானே பற்றிக் கொண்டால், அது சம்மட்டியால் அடித்தது போல் பிஸ்டன் தலையில் இறங்கும். "டிங் டிங்" என்று இரும்பைத் தட்டும் ஓசை கேட்கும். இதைத்தான் டிரைவர்கள் "என்ஜின் நாக் அடிக்கிறது" என்கிறார்கள்.

இப்படிப் பற்றிக் கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் அளவே ஆக்டேன் எண். ஆக்டேன் குறைந்த பெட்ரோலுக்கு அமுக்கமும் குறைவாகவே இருக்க வேண்டும். முதல் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ, ஓடிக் கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றக் கூடிய என்ஜின் ஒன்றைச் செய்து, எந்த எரிபொருள் எந்த விகிதம் வரை தாங்குகிறது என்று அளந்தார். 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்க்லே, ஈயக் கூட்டுப் பொருளைச் சிறிதளவு சேர்த்தால் பெட்ரோல் தட்டாமல் எரியும் என்று கண்டார். அதன் பின்னரே உலகக் கார்களின் விகிதம் வேகமாக ஏறத் தொடங்கியது.

இந்தியாவில் பல்லாண்டுக் காலம் சாதாரணப் பங்குகளில் கிடைத்த பெட்ரோலின் ஆக்டேன் எண் 83. எங்கோ ஒரு பெரிய நகரத்தில் 93 கிடைத்தது என்பதற்காக, கிராமத்துச் சாலையிலும் தீவிலும் ஓட வேண்டிய காரை அதற்காகச் செய்ய முடியாது. கிடைக்கும் பெட்ரோலுக்கேற்ப அமுக்கத்தை இறக்கி வைத்ததே புத்திசாலித்தனம். அந்த ஏற்பாட்டின் அடையாளமே பிஸ்டன் தலையின் குழி. அது வார்ப்படக் குறையோ, தேய்மானமோ அல்ல.

மேட்டில்தான் சோதனை

சமதரையில் வேகமாகப் போகும் காரில் நாக் ஓசை அவ்வளவாகக் கேட்காது. தீ பரவ வேண்டிய நேரம் குறைவாக இருப்பதால், ஓரத்துக் கலவை தானே பற்றிக் கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை. என்ஜின் மெதுவாகச் சுழன்று, ஆக்சிலரேட்டர் முழுவதும் அழுந்தி, பாரம் இழுக்கும்போதுதான் ஆபத்து.

அந்தமான் தலைநகரின் சாலைகள் இதற்கென்றே அமைந்தவை போல் இருக்கின்றன. கடற்கரையிலிருந்து சில நூறு அடி போவதற்குள் ஏற்றம். உள்ளே ஐந்தாறு பேர்; பின்னால் கப்பலில் வந்த பெட்டி படுக்கைகள். கியரை மாற்றாமல் டாப் கியரிலேயே இழுத்து ஏற்ற நினைக்கும் டிரைவரின் காதில் முதலில் விழுவது அந்த டிங் ஓசைதான். வெப்பமும் ஈரமும் நிறைந்த ஊரில், உப்புக் காற்றில் துருவேறிய ரேடியேட்டரும் சேர்ந்து கொண்டால் என்ஜின் சூடு இன்னும் ஏறும்.

அந்த ஓசையைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் என்ன ஆகும்? முதலில் ஹெட் கேஸ்கட் வெடிக்கும். பிறகு பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பு உடையும். பிஸ்டன் அலுமினியக் கலவை என்பதால் தலை ஓரம் அரித்தாற்போல் ஆகும், ஓட்டையும் விழலாம். கிராங்க் ஷாப்ட் பேரிங்குகள் அடி தாங்காமல் தேயும். 1,489 சி.சி. என்ஜினின் கிராங்க் மூன்றே மெயின் பேரிங்குகளில் உட்கார்ந்திருப்பது என்பதை மறக்கலாகாது.

சென்னையில் என்ஜின் உடைந்தால் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு வரை போய் வரலாம். பெரம்பூரை அடுத்த செம்பியத்தில் 1949 முதலே பிஸ்டன் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸ் தொழிற்சாலை உண்டு. தீவில் அப்படி அல்ல. வேண்டிய பாகம் உள்ளூர்க் கடையில் இல்லையென்றால் கடலைக் கடந்துதான் வர வேண்டும். வண்டி நிற்கும் நாளெல்லாம் டாக்சிக்காரருக்குச் சம்பாத்தியம் இல்லை. கடனுக்கு வட்டி மட்டும் நிற்காது. வந்து சேர்ந்த பிஸ்டன் தவறானதாக இருந்து விட்டால், திருப்பி அனுப்ப மனமில்லாமல் அதையே மாட்டி விடும் சபலமும் அப்போதுதான் எழுகிறது.

யாரும் விரும்பாமலே ஏறும் விகிதம்

தட்டைப் பிஸ்டனைப் போட்டால்தான் அமுக்கம் ஏறும் என்று எண்ண வேண்டாம். சரியான குழிப் பிஸ்டனையே போட்டாலும், பழைய என்ஜினில் வேறு மூன்று வழிகளில் விகிதம் தானாக ஏறி விடுகிறது.

முதலாவது, சிலிண்டரைப் போர் செய்வது. தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து 40 தவ் ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டால் விட்டம் ஏறக்குறைய 74 மி.மீ. ஆகிறது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372-லிருந்து சுமார் 383 சி.சி. ஆகிறது. மேலே உள்ள 60 சி.சி. இடம் மாறாதிருந்தால் விகிதம் 7.2-லிருந்து 7.37 ஆகும்.

இரண்டாவது, ஹெட்டைப் பேசிங் செய்வது. என்ஜின் சூடேறி ஹெட் வளைந்தால் லேத்துப் பட்டறையில் அதன் முகத்தைச் சீவுவார்கள். ஹெட்டில் உள்ள எரியறையின் வாய் 30 சதுர சென்டி மீட்டர் என்று வைத்துக் கொண்டால், 1 மி.மீ. சீவும்போது 3 சி.சி. போய் விடும். மிஞ்சுவது 57. போர் செய்த சிலிண்டருடன் இதையும் சேர்த்தால் விகிதம் 7.7.

மூன்றாவது, கரி. பல ஆயிரம் மைல் ஓடிய என்ஜினில் பிஸ்டன் தலையிலும் எரியறையிலும் கரி படிந்து இடத்தை அடைத்துக் கொள்ளும். ஆயில் குடிக்கும் என்ஜினாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 2 சி.சி. கரி படிந்தால் மிஞ்சும் இடம் 55. விகிதம் 7.96.

7.2-இல் பிறந்த என்ஜின் ஏறக்குறைய 8-க்கு வந்து விட்டது. யாரும் அதை விரும்பிச் செய்யவில்லை. ஒவ்வொரு வேலையும் தனித்தனியே சரியானதுதான். மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பவர் இல்லாததால் வந்த வினை இது. இத்தனையும் செய்த என்ஜினில் கரியைச் சுரண்டி விட்டுத் தட்டைப் பிஸ்டனையும் மாட்டினால், மிஞ்சும் இடம் 48 சி.சி.; விகிதம் 9-ஐத் தொடும். பழைய 83 ஆக்டேன் பெட்ரோலுக்கு இது கொஞ்சமும் தாங்காது.

இதற்கு எதிர்மாறான கைவைத்தியமும் பட்டறைகளில் உண்டு. நாக் அடிக்கிறது என்றால் இரண்டு கேஸ்கட்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு விடுவது. 75 மி.மீ. துவாரமும் 0.8 மி.மீ. கனமும் உள்ள கேஸ்கட் ஒன்று 3.5 சி.சி. இடத்தைக் கூட்டும். கணக்கு என்னவோ சரிதான். ஒழுங்கான என்ஜினில் இப்படிச் செய்தால் விகிதம் 6.9-க்கு இறங்கி, இழுவை குறைந்து, பெட்ரோல் செலவு கூடும். இரட்டைக் கேஸ்கட் வழியே தண்ணீர் கசியும் அபாயமும் கூடவே வரும்.

அளப்பது எப்படி?

இதையெல்லாம் அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்ச் ஒன்று, நடுவில் துளையிட்ட கண்ணாடித் தகடோ பிளாஸ்டிக் தகடோ ஒன்று, கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு காகிதம், ஒரு பென்சில் இவை போதும்.

முதலில் ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வைக்க வேண்டும். வால்வுகளும் பிளக்கும் மாட்டியிருக்க வேண்டும். எரியறையின் விளிம்பில் கிரீஸ் தடவித் தகட்டை அழுத்தி, துளை வழியே சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட வேண்டும். காற்றுக் குமிழி இல்லாமல் நிரம்பும் வரை எத்தனை சி.சி. போனது என்று எழுதிக் கொள்க.

அடுத்தது பிஸ்டன். சிலிண்டர் பிளாக்கில் பிஸ்டனை மாட்டி, அதன் விளிம்பு பிளாக்கின் மேல் முகத்திலிருந்து சரியாக 1 சென்டி மீட்டர் கீழே இருக்கும்படி நிறுத்த வேண்டும். சுற்றிலும் கிரீஸ் பூசி ஒழுக்கை அடைத்து, மேலே தகட்டை வைத்து எண்ணெய் விட வேண்டும். ஓவர் சைஸ் இல்லாத அம்பாசிடர் சிலிண்டரில், தலை தட்டையாக இருந்தால் 41.9 சி.சி. கொள்ளும். 51 சி.சி. போனால் மீதி 9 சி.சி.யும் குழியில் நிற்கிறது என்று பொருள். தலை மேடாக இருக்கும் பிஸ்டனானால் 41.9-க்கும் குறைவாகவே கொள்ளும். நான்கு பிஸ்டன்களையும் இவ்வாறே பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் வேறுபட்டால் செட்டில் வேறு பிஸ்டன் கலந்திருக்கிறது என்று கண்டு கொள்ளலாம்.

மூன்றாவதாக, பிஸ்டன் முழுவதும் மேலே வரும்போது அதன் விளிம்பு பிளாக்கின் முகத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளக்க வேண்டும். 1 மி.மீ. கீழே நின்றால் 4.2 சி.சி. நான்காவது, கேஸ்கட். புதிய கேஸ்கட்டின் கனத்தை அளக்காமல், ஒரு முறை இறுக்கி அழுந்திய கேஸ்கட்டின் கனத்தையே கொள்ள வேண்டும்.

இந்த நான்கையும் கூட்டினால் மிஞ்சும் இடம் எவ்வளவு என்பது கிடைக்கும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவை அதனால் வகுத்து, 1-ஐக் கூட்டினால் அமுக்க விகிதம். ஆறாம் வகுப்புக் கணக்குக்கு மேல் இதில் எதுவும் இல்லை. அரை நாள் வேலை. அந்த அரை நாளைச் செலவிட்டால் கப்பலில் தவறான பாகத்துக்கு ஆர்டர் போகாது.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்து அறிய வேண்டும். பிளக் துவாரத்தில் கேஜ் வைத்துப் பார்க்கும் அழுத்தம் வேறு; அமுக்க விகிதம் வேறு. ரிங் தேய்ந்தாலோ வால்வு சரியாக உட்காராவிட்டாலோ கேஜ் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து "கம்ப்ரஷன் இல்லை, தட்டைப் பிஸ்டன் போடலாம்" என்று முடிவு செய்வது, காய்ச்சலுக்குக் கண்ணாடி மாற்றியது போலாகும்.

இன்றைய பெட்ரோலுக்கு குழி தேவையா?

காலம் மாறி விட்டது. 1995-இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியோடு நாடெங்கும் ஈயப் பெட்ரோல் நின்றது. ஆக்டேன் எண்ணும் படிப்படியாக உயர்ந்து, சாதாரணப் பெட்ரோலே 91 என்ற நிலைக்கு வந்தது. 8.3 விகிதத்துக்கு இது தாராளமாகப் போதும். அப்படியானால் குழியை ஒழித்துத் தட்டைப் பிஸ்டன் போட்டு விடலாமே என்று கேட்போர் உண்டு.

கிடைக்கும் லாபத்தை முதலில் பார்ப்போம். பாடப் புத்தகக் கணக்குப்படி விகிதம் 7.2-லிருந்து 8.3-க்கு உயர்ந்தால், அதே பெட்ரோலில் கிடைக்கும் பலன் நூற்றுக்கு நாலரை அளவுதான் கூடும். நல்ல டியூனிங் உள்ள காரில் இது தெரியும். கார்புரேட்டர் கெட்டு, டயரில் காற்றுக் குறைந்த காரில் தெரியவே தெரியாது.

கொடுக்க வேண்டிய விலையையும் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் பொறி விடும் நேரத்தைத் திருத்தியமைக்க வேண்டும். ரேடியேட்டர் சுத்தமாக இருக்க வேண்டும். மூன்று பேரிங் கிராங்க் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஈயம் நீங்கிய பெட்ரோலில் பழைய வார்ப்பு இரும்பு ஹெட்டின் வால்வு இருக்கைகள் விரைவில் தேயும் தொல்லை வேறு இருக்கிறது. அதற்குக் கடினமான வளையம் பொருத்தும் செலவை முதலில் செய்வதே மேல்.

இங்கிலாந்திலேயே இந்த வரிசை என்ஜின் 1,798 சி.சி.யாக வளர்ந்து 1962-இல் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் ஏறியபோதும், 8.8 விகிதத்தோடு 8 விகிதத்திலும் கிடைத்தது. வாங்குபவர் ஊரில் கிடைக்கும் பெட்ரோலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. இந்தியாவில் பின்னாளில் அம்பாசிடருக்கு 1,817 சி.சி. இசுசு என்ஜின் வந்தது. அதற்கென்று தனி ஹெட், தனிப் பிஸ்டன். பழைய என்ஜினைப் பிடித்து இழுத்து அந்த உயரத்துக்குக் கொண்டு வர யாரும் முயலவில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலில் எத்தனால் கலப்புத் திட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டபோது, அந்தமான் நிகோபாரும் லட்சத்தீவும் விலக்கி வைக்கப்பட்டன. எத்தனால் நாக் ஓசையைக் கூட்டாது, குறைக்கவே செய்யும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் டயாப்ரம்களையும் அது கெடுக்கும் என்பதுதான் கவலை. தீவிலிருந்து காரைக் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டு போகிறவர்கள் அமுக்க விகிதத்தை விட ரப்பர் பாகங்களையே முதலில் கவனிக்க வேண்டும்.

டீசல் வேறு ஜாதி

ஜங்லிகாட் துறையில் டிங்கிப் படகுகளின் டீசல் என்ஜின்கள் எந்நேரமும் "டக டக" என்று தட்டிக் கொண்டே ஓடுகின்றனவே, அவை ஏன் உடைவதில்லை என்று கேட்கலாம். டீசல் என்ஜினில் பொறி கிடையாது. காற்றை மட்டும் மிக அதிகமாக நெருக்கிச் சூடேற்றி, அதில் எண்ணெயைப் பீய்ச்சிப் பற்ற வைப்பதே அதன் முறை. தானே பற்றிக் கொள்வது அங்கே நோய் அல்ல, இயல்பு. அதைத் தாங்கும்படி பிஸ்டனும் கிராங்க்கும் கனமாக வார்க்கப்படுகின்றன. பல டீசல் பிஸ்டன்களின் தலையிலும் ஆழமான கிண்ணம் இருக்கும். அது அமுக்கத்தைக் குறைப்பதற்காக மட்டும் வைத்ததல்ல. காற்றைச் சுழற்றி எண்ணெயோடு கலக்க வைத்தது. எனவே படகு மெக்கானிக்கின் அனுபவத்தைப் பெட்ரோல் காரின் பிஸ்டனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

பழைய காரை வைத்திருக்கும் அன்பர்கள், பிஸ்டன் வாங்குமுன் பழைய பிஸ்டனைத் தூக்கி எறியாமல் அதன் தலையைப் பார்க்க வேண்டும். குழியா, தட்டையா, எத்தனை சி.சி. என்று எழுதி வைக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போது காரின் பெயர், வருஷம், ஓவர் சைஸ் ஆகியவற்றோடு அமுக்க விகிதத்தையும் குறிப்பிட வேண்டும். ஹெட்டை எத்தனை முறை சீவியிருக்கிறது, எவ்வளவு சீவியிருக்கிறது என்பதைப் பட்டறைக்காரரிடம் கேட்டுக் குறித்து வைப்பது நலம். காரை விற்கும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்குபவர் வாழ்த்துவார்.

ஏற்றத்தில் டிங் ஓசை கேட்டால், ஆக்சிலரேட்டரைத் தளர்த்திக் கீழ் கியருக்கு வர வேண்டும். வீடு திரும்பியதும் தண்ணீர், பொறி நேரம், கரி, பெட்ரோல் என்ற வரிசையில் சோதிக்க வேண்டும். இவை நான்கும் சரியாயிருந்தும் ஓசை நிற்கவில்லை என்றால், ஹெட்டைக் கழற்றிச் சிரிஞ்சை எடுக்க வேண்டிய நேரம் வந்து விட்டது என்று அறியலாம்.

உற்பத்தி நின்று போன காருக்கு இனிப் புதிய பிளாக்கும் புதிய கிராங்க்கும் எளிதில் கிடைக்கப் போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றிக் கொள்வதுதான் வழி. இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவான அந்த இடத்தை அளந்து பார்க்கும் மெக்கானிக்கிடம் என்ஜினை நம்பி ஒப்படைக்கலாம்.